கூட்டாளி காளியம்மாள்

சிராங்கூன் ரோட்டில் காளியம்மனை நம்பிக் கடை வைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. காளியம்மனையே கடையில் கூட்டாளியாகச் சேர்த்து, சர்க்கார் பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் பூவம்மாவின் புருஷன் கோவிந்தசாமி. பெயர் பெருமாள் பெயர், பக்தி மட்டும் காளிமேல். அந்தப் பக்தியால் பூவம்மா பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் நானும் என் அம்மாவும் குடியிருந்தோம். கீழே பின்கட்டில் பூவக்கா குடும்பம். நான் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓபீர் ரோட்டு மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. ஆனாலும் பூவக்கா வீட்டுப் பொங்கல் எங்கள் அடுப்பில் பாதி வேகும், எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு அவள் வீட்டில் இடிபடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "ஆனிம்மா" என்று கூப்பிடுவாள். அதட்டும்போது வெறும் "ஆனி".

பூவக்கா தேக்கா மார்க்கெட்டில் ஒரு முதலாளியிடம் ஈர மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த வருஷம் அம்மிமுன் உட்கார்ந்தவள், கமலா பிறந்தபோது மட்டும் ஒரு மாதம் எழுந்தாள். வருகிறவர்களின் கூடையை ஒரு பார்வை பார்ப்பாள். உள்ளே கெளுத்தியா, வஞ்சிரமா, கோழியா என்று கண்டுகொண்டு அதற்குத் தகுந்தபடி அரைத்து வாழையிலையில் வைத்துக் கொடுப்பாள். மலாய்க்காரம்மாவோடு மலாய் பேசுவாள், மீன்கடைச் சீனரோடு ஹொக்கியனில் சண்டை போடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே யாரும் கடன் சொல்லமாட்டார்கள்.

கோவிந்தசாமி அண்ணன் அதே கடையில் மல்லி வறுப்பது, சலிப்பது, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று வெளிவேலை பார்த்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பொழுது விடிந்தால் காளியம்மன் கோயில், பொழுது சாய்ந்தால் காளியம்மன் கோயில். குடிக்கிறவன் பெண்டாட்டியைப் பார்த்து ஊர் பரிதாபமாவது படும். கோயிலே கதி என்று கிடக்கிறவனின் பெண்டாட்டிக்கு அதுவும் இல்லை. "உனக்கென்னம்மா, தங்கமான மனுஷன்" என்று எல்லாரும் சொல்வார்கள். பூவக்கா சிரித்துக்கொண்டே மிளகாயை அள்ளி அம்மியில் போடுவாள்.

கமலாவுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது. பிள்ளை பிழைக்காது என்று எல்லாரும் பயந்துபோனோம். அப்போது கோவிந்தசாமி அண்ணன் கோயிலில் விழுந்து கிடந்து ஒரு வேண்டுதல் வைத்தார். "தாயே, இவளைக் காப்பாத்திக் குடு. நான் சொந்தமாத் தொழில் வச்சா அதுல பாதி உன்னுது." கமலா பிழைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டிலும் அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தோம். மெழுகுவத்தி ஏற்றினோம், பத்து ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தோம், கணக்கைத் தீர்த்தோம். கோவிந்தசாமி அண்ணன் அப்படிச் சில்லறையாகத் தீர்க்கிற ஆள் இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் அவருக்குச் சொந்தத் தொழில் ஆசை முற்றியது. மார்க்கெட் முதலாளி வயதாகிவிட்டது என்று கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். மகனுக்கு மசாலாவில் நாட்டமில்லை. பூவக்கா தன் தோடையும் அட்டிகையையும் கழற்றிக் கொடுத்தாள். அதை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, மின்சாரத்தில் ஓடும் அரவை மெஷின் ஒன்றை வாங்கி எங்கள் கடைவீட்டின் முன்கட்டில் இறக்கினார்கள். தூள் மசாலாவுக்கு மெஷின், ஈர மசாலாவுக்கு எப்போதும்போல் பூவக்கா.

தஞ்சோங் பகார் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய கேன்டீன்காரர் அவர்களுடைய மசாலாவை ருசி பார்த்துவிட்டு, மாதாமாதம் மூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அந்த ஒரு ஆர்டர் போதும், மெஷின் தவணை தானாக நடந்துவிடும். இல்லாவிட்டால் மெஷின் திரும்பிப் போய்விடும், தோடும் அட்டிகையும் போனது போனதுதான். ஆனால் கேன்டீன்காரர் யாருக்கும் ரொக்கம் கொடுப்பதில்லை. கம்பெனி பெயரில் குறுக்குக் கோடு போட்ட செக்தான். அதை மாற்ற வேண்டுமானால் கம்பெனி பெயரில் பேங்க் கணக்கு இருக்கவேண்டும். "மாசம் பொறக்குறதுக்குள்ள கணக்குத் திறந்திட்டு வாங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குப் பேங்க் என்றாலே ஒரு கூச்சம். மிச்சம் பிடித்ததை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டித் தொழில் நடத்தும் செட்டியார் கிட்டங்கியில் போடுவார்கள், இல்லையென்றால் தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்துவைப்பார்கள், அதுவும் இல்லையென்றால் அரிசிப் பானை. பேங்குக்குள் போகவேண்டுமென்றால் சலவைச் சட்டை வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட அப்துல் அலீம் பாய் முன்வந்தார். மல்லி, மிளகாய் மொத்த வியாபாரி. முதலாளி கடைக்கு வாங்கின சரக்குக்கு ஒரு நாளும் தவணை தப்பாத கோவிந்தசாமியிடம் அவருக்கு மதிப்பு இருந்தது. பேங்கும் என் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருதான். ஆபீசர் ஏசுதாசன் எங்கள் பங்குக் கோயில்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

சொன்னபடி கோவிந்தசாமி அண்ணன், அலீம் பாய், நான் மூவரும் போனோம். ஏசுதாசன் கம்பெனிப் பதிவுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஸ்ரீ காளியம்மாள் மசாலா மில். கூட்டாளிகள் இருவர்.

"ரெண்டு பங்காளின்னு போட்டிருக்கே. காளியம்மாள் யாரு? அவங்களும் வந்து கையெழுத்துப் போடணுமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டில் காளியம்மாள் என்று யாரும் கிடையாது.

"அவங்க வரமாட்டாங்க சார்" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"உடம்பு முடியலையா? பரவாயில்லலா, நம்ம ஆளை அனுப்புறேன். சிராங்கூன் ரோடுன்னு அட்ரஸ் இருக்கு."

"ஆளு வரட்டும் சார். காலையில வந்தா கூட்டம் இருக்காது. செருப்ப மட்டும் வெளியில விட்டுட்டு வரச் சொல்லுங்க."

ஏசுதாசனின் பேனா நின்றது. அலீம் பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் கோவிந்தசாமி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு கபடமும் இல்லை. வேண்டுதலைச் சொன்னார். கடைவாசல் அஞ்சடிப் பாதையில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பெட்டிஷன் எழுதுபவரிடம் போனாராம். பங்கு யாருக்கு என்று அவர் கேட்டாராம். பாதி எனக்கு, பாதி காளியம்மாளுக்கு என்று இவர் சொன்னாராம். அந்த அம்மா வந்து கைநாட்டு வைக்கவேண்டும் என்றதும், நானே வாங்கிவருகிறேன் என்று பதிவுப் பாரத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கு அடியில் வைத்து அம்மன் பாதத்தில் வைத்து எடுத்தபிறகு, மையைத் தொட்டுத் தன் இடதுகைக் கட்டைவிரலையே அம்மனுக்காகப் பதித்துவிட்டார். பதிவு ஆபீசில் எவனும் கேட்கவில்லை. எவனுக்கும் கேட்கத் தோன்றவும் தோன்றாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாடியில் ஒரு டைப்பிஸ்ட் இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஏசுதாசன் சிரிக்கவில்லை. வெள்ளைக்கார மேனேஜரின் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது சர்க்காருக்கு எழுதிக் குடுத்த பொய்யிங்க. கேசாச்சுன்னா ஜெயில்கூட உண்டு."

"நான் பொய் சொல்லலையே சார். பாதி அவளோடதுதானே."

"ஐயோ" என்றார் ஏசுதாசன். காகிதத்தை மடித்து அவர் கையில் திணித்தார். "நான் இதப் பாக்கல. வேற வழி பண்ணிக்கிட்டு வாங்க, கணக்குத் திறந்து தர்றேன்."

வேறு வழி என்றால் என்ன? கூட்டாளி விலகிவிட்டாள் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் அவள் கைநாட்டு வேண்டும். செத்துப்போனாள் என்று எழுதலாம். அதைக் கேட்டதும் கோவிந்தசாமி அண்ணன் தெருவென்றும் பாராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அலீம் பாயே கடைக்கு வந்தார். மனுஷன் வியாபாரி, வழி கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார். பூவக்கா முறத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சீரகம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க கோவிந்தசாமி. நம்ம ஆளுங்கள்ல ரெண்டு பேரு இல்லாதவங்க யாரு? வீட்டுல ஒரு பேரு, கார்டுல ஒரு பேரு. உங்க வீட்டம்மாவ பூவம்மா என்கிற காளியம்மாள்னு ஒரு சத்தியக் கடுதாசி எழுதிட்டா முடிஞ்சுது. ஆனி ஆபீசுல தினம் இதானே எழுதுறாங்க?"

எழுதுகிறோம்தான். சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆபீசர் முன்னால் நின்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிட்டால் போதும். கோவிந்தசாமி அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மனே ஒங்க வாயில வந்து சொல்றா பாய்" என்று கைகூப்பினார். எந்த நாளில் போவது, வெள்ளிக்கிழமை ராகுகாலம் எப்போது என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

முறம் நின்றுவிட்டதை நான்தான் முதலில் கவனித்தேன்.

"பேசி முடிச்சாச்சா?" என்றாள் பூவக்கா. "எனக்கு ஒரு சந்தேகம் பாய். பூவம்மாங்கிற என் பேரு என்னத்துக்கு ஆகாது?"

அலீம் பாய் கோவிந்தசாமி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பங்காளி வேணும்ங்கிறான் பேங்குக்காரன். நான் இங்கதான ஒக்காந்திருக்கேன்? பெட்டிஷன்காரன் கேட்டப்ப ஒங்களுக்கு என் பேரு வாயில வரல. சரி, வேண்டுதல்னு விட்டேன். இப்ப மாட்டிக்கிட்டு முழிக்கறப்பக்கூட, அவ பேர எனக்கு வைக்கத்தான் தோணுது. என் பேர அதுல வைக்கத் தோணல."

"பூவு, கமலாவுக்காக வேண்டிக்கிட்டது..."

"நீங்க கோயில்ல வேண்டிக்கிட்டீங்க. நான் ஆஸ்பத்திரியில அவ பீ மூத்திரம் அள்ளினேன். தோடு என்னுது, அட்டிகை என்னுது. அரைக்கிறது யாரு, காளியா? பதினாலு வருஷமா யாரு அரைக்கிறா இங்க?" அவள் குரல் உயரவே இல்லை. மீன்கடைச் சீனரிடம் கத்துகிற பூவக்கா இப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. "பூவம்மான்னு போட்டா வர்றேன். காளியம்மாள்னு போட்டா, என்னைத் தூக்கிட்டுப் போனாலும் கை வைக்க மாட்டேன்."

அலீம் பாய் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அந்தம்மா சொல்றதுல தப்பில்லலா" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப்பின் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. கோவிந்தசாமி அண்ணனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்து செத்துக்கொண்டிருந்தார். அம்மனை விலக்கினால் அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பதுதான் அவர் கணக்கு. கமலா ஒரு தும்மல் போட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். பூவக்காவும் பயப்படாமல் இல்லை. நெருப்பு மாதிரிப் பேசிவிட்டாளே தவிர, நிமிஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையை இழுத்து நெற்றியில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளை, "விடும்மா, நேரமாச்சு" என்று சிணுங்கும். மெஷின் முன்கட்டில் கோணிச்சாக்குப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோவிந்தசாமி அண்ணன் கோயிலில் பூப் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் முன்னால் போட்டுக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. கமலாவைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பொட்டலத்தைப் பிரித்ததும் உள்ளே செவ்வரளி.

வந்து படியில் உட்கார்ந்தவர் அப்படியே அழுதுவிட்டார். "அவ போகமாட்டேங்கறா பூவு. மெஷின் போனாப் போகட்டும். ஆர்டர் போனாப் போகட்டும்."

பூவக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "என்ன கேட்டீங்க அவகிட்ட?"

"நீ ஒதுங்கிக்கிறியா தாயேன்னு கேட்டேன்."

"பூவம்மாவையும் சேத்துக்கட்டுமான்னு கேட்டீங்களா?"

அவர் விழித்தார். கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில், முன்பெல்லாம் மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில், பூவக்கா குளித்து, நல்ல புடைவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனாள். பிள்ளையைக் கூட்டிப்போகவில்லை. திரும்பி வரும்போது நெற்றியில் குங்குமமும் கையில் அரை மூடித் தேங்காயும் இருந்தன. கோவிந்தசாமி அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டுட்டேன்" என்றாள். "ஒனக்குப் பங்கு உண்டு, மாசாமாசம் உண்டியல்ல வந்துரும், சர்க்கார் கடுதாசில மட்டும் என் பேரு இருக்கட்டும்னு கேட்டேன். சரின்னுட்டா."

"பூவா போட்ட? என்ன பூ வந்துச்சு?"

"பூவெல்லாம் எதுக்கு? பொம்பளைக்குப் பொம்பளை பேசிக்கிட்டோம்."

அவர் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது வந்தால் பழி முழுவதும் தன்மேல் விழும் என்று தெரிந்தேதான் பூவக்கா அந்தப் பேச்சைப் பேசினாள். அவரும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். "கமலாவுக்கு ஒண்ணுன்னா உன்னைத்தான் கேப்பேன்." "கேளுங்க" என்றாள். அந்த மனுஷனை அப்போது அறைந்தால் என்ன என்று எனக்கு இருந்தது.

அதற்குமேல் காரியத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். பழைய கம்பெனி தொழில் ஆரம்பிக்காமலே மூடப்பட்டது என்று ஒரு பாரம் டைப் அடித்தேன். அதற்குக் கோவிந்தசாமி ஒருவர் கையெழுத்தே போதும், யாரும் விலகவும் வேண்டாம் சாகவும் வேண்டாம். கையெழுத்துப் போடும்முன் அவர் கண்ணை மூடிக்கொண்டு என்னமோ முணுமுணுத்தார். பிறகு புதுப் பதிவு. கோவிந்தசாமி, பூவம்மா. பதிவு ஆபீசில் பூவக்காவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தான் ஒரு பியூன். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அவர்களுக்கு அது போதும்.

மாதக் கடைசியில் மறுபடி பேங்குக்குப் போனோம். பூவக்கா பேங்குக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. தலைக்குமேல் காற்றாடிகளையும் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மார்க்கெட்டுல இருக்கிற சத்தத்துல கால்வாசிகூட இல்ல, இதுலயா இவ்வளவு காசு பொழங்குது?" என்று என் காதில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு நாளாயிருந்தது. ஏசுதாசனுக்கும் நிம்மதி. அலீம் பாய் அறிமுகக் கையெழுத்தைப் போட்டார்.

"அம்மாவுக்கு எழுதத் தெரியாதில்ல? கட்டைவிரல் போதும். பணம் எடுக்கறப்ப நேர்ல வந்து வைக்கணும், நாங்க ஒத்துப் பாப்போம்" என்றார் ஏசுதாசன். மைப்பெட்டியைத் திறந்து அவள் இடது கட்டைவிரலைத் தொட்டு, மாதிரிக் கார்டில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. விரலைத் துணியால் துடைத்து, மையைக் குறைத்து, இன்னொரு கார்டில் வைத்தார். அதையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். ரேகையே இல்லை. வழவழவென்று ஒரு கறுப்பு வட்டம். வலது கட்டைவிரலை வைத்தார். அதுவும் அப்படியேதான்.

"அடையாளக் கார்டக் குடுங்கம்மா." அவள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான வருஷம் எடுத்த கார்டு. அதிலே ஒல்லியான ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் சுழித்துச் சுழித்துத் தெளிவாக இருந்தது. ஏசுதாசன் அதையும் புது வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். அந்தச் சீன அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஏசுதாசன் திரும்பி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்கம்மா. பூவம்மாங்கிறது நீங்கதானான்னு கேக்கறாரு."

பூவக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். ரேகை அழிந்துபோயிருக்கிறது அக்கா, கல்லில் அரைத்து அரைத்து. அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மிளகாயும் மஞ்சளும் ஏறி, குழவியைப் பிடித்துப் பிடித்து, விரல் நுனி எல்லாம் சீசாக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. சர்க்காருக்குக் கொடுத்த காகிதத்தில் காளியம்மாளுக்கு நல்ல ரேகை இருந்தது. ஏனென்றால் அது கோவிந்தசாமி அண்ணனுடையது, அரைக்காத விரல். அரைத்தவளுக்கு ஒரு கோடுகூட மிச்சமில்லை. எனக்குப் பேங்கையும் கல்லையும் கோயிலையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டவேண்டும்போல் இருந்தது.

"நாந்தான் சார் பூவம்மா" என்றாள் அவள். "பாருங்க, மொகம் அதேதானே?"

அலீம் பாய் எழுந்து, "இந்தம்மாவ எனக்குப் பத்து வருஷமாத் தெரியும், தேக்காவுக்கே தெரியும், வேணும்னா இன்னொரு கையெழுத்துப் போடறேன்" என்று குரலை உயர்த்தினார். மேலதிகாரி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ஆளைச் சந்தேகப்படவில்லை, ஆனால் ஒத்துப் பார்க்க ஓர் அடையாளம் வேண்டும், வேறு விரல் பாருங்கள் என்றார்.

ஏசுதாசன் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். ஒவ்வொன்றையும் வைத்து எடுக்கும்போது பூவக்கா குனிந்து கார்டைப் பார்த்தாள், பிறகு ஏசுதாசன் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக இடதுகைச் சுண்டுவிரலை வைத்தார். அதில் சன்னமாக நாலைந்து கோடு விழுந்தது. குழவிக்கு எட்டாத விரல்.

"இது போதும்" என்றார் ஏசுதாசன். பக்கத்தில் இங்கிலீஷில் இடதுகைச் சுண்டுவிரல் என்று எழுதினார். கணக்குத் திறந்தாயிற்று.

கோவிந்தசாமி அண்ணன் மேஜையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போடவேண்டிய கார்டு முன்னால் இருந்தது. பேனாவை எடுக்காமல், மை அப்பிய பூவக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். பேங்கில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார். "சொல்லவே இல்லையே பூவு."

பூவக்கா கையை விடுவித்துக்கொண்டு முந்தானையில் துடைத்தாள். "கூடத்தான இருக்கீங்க பதினாலு வருஷமா, பாக்க வேண்டியதுதான?" என்றாள். "கையெழுத்தப் போடுங்க. மாடியில மிளகா காயுது, மழை வந்துரும்."

அவர் பேனாவை எடுத்தார். கண் இன்னும் அவள் கைமேலேயே இருந்ததில் கையெழுத்து கோணிக்கொண்டுபோய்விட்டது. ஏசுதாசன் இன்னொரு கார்டைக் கொடுத்து மறுபடியும் போடச் சொன்னார்.